தொட்டி புதுசு, தண்ணீர் சுத்தம்... அப்புறம் ஏன் மீன் சாகிறது?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு வண்ண மீன் கடையில் ஞாயிற்றுக்கிழமை மாலை பார்க்கக்கூடிய காட்சிதான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை, கோல்டு ஃபிஷ்ஷைக் காட்டி அடம்பிடிக்கும். ஒரு கண்ணாடித் தொட்டி, கொஞ்சம் கூழாங்கல், சின்னதாக ஒரு ஃபில்டர், நான்கு மீன். அன்று இரவே ஹாலில் டி.வி பக்கத்தில் தொட்டி ஏறிவிடும்.

முதல் மூன்று நாள் வீடே அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஒரு வாரத்தில் மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பத்தாவது நாள் காலையில் ஒன்று மிதக்கும். 'கடைக்காரர் சீக்கு மீனைத் தலையில கட்டிட்டார்' என்று வீட்டில் தீர்ப்பும் எழுதியாகிவிடும்.

பாவம், பல நேரம் கடைக்காரர் மேல் தப்பே இருக்காது. தொட்டி புதுசாக இருப்பதுதான் பிரச்னை!

மீன் தின்னும் தீனியில் உள்ள புரதம் செரித்தபின் மிஞ்சும் கழிவு, அம்மோனியா. நாம் அதை யூரியாவாக மாற்றி சிறுநீரில் வெளியேற்றுகிறோம். மீனுக்கு அந்த வேலை இல்லை. பெரும்பகுதி அம்மோனியா செவுள் வழியாக நேரே தண்ணீரில் கலந்துவிடும். ஏரியில் அது கரைந்து காணாமல் போகும். இருபது லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? தண்ணீர் பளிங்கு மாதிரி தெரியும், ஆனால் மீனின் செவுள் வெந்துகொண்டிருக்கும்.

பழகிய தொட்டியில் இதைக் கவனிக்க ஆள் உண்டு. ஒரு வகை நுண்ணுயிர் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் அதுவும் குறையும்.

இந்த நுண்ணுயிர்கள் தண்ணீரில் நீந்திக்கொண்டிருப்பது குறைவு. எதையாவது பிடித்து ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் வழவழவென்று ஒரு பழுப்புப் படலம் பிடிக்கிறதே, அங்கேதான் பெரும்பாலானவை குடியிருக்கின்றன. குப்பையை வடிகட்டுவது ஃபில்டரின் பாதி வேலைதான். மீதிப் பாதி, இவற்றுக்கு வீடாக இருப்பது.

இங்கேதான் நம் வீட்டுச் சுத்தம் வில்லனாகிறது. ஸ்பாஞ்ச் அழுக்காக இருக்கிறதென்று குழாயடியில் வைத்துப் பிழிந்து, சிலர் சோப்பும் போட்டு, வெள்ளையாக்கி மாட்டுவார்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் கிருமியைக் கொல்லத்தான் போடப்படுகிறது. அது நல்லது கெட்டது பார்க்காது. தொட்டியிலிருந்து ஒரு மக் தண்ணீர் எடுத்து அதில் லேசாக அலசினால் போதும்.

போனால் போகட்டும், மறுபடி வளராதா? வளரும். ஆனால் தயிர் மாதிரி ராத்திரி உறை ஊற்றிக் காலையில் எடுக்கிற கதை இல்லை. சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். இவை இரட்டிப்பாக அரை நாள், ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளும். அதனால்தான் புதுத் தொட்டி பழக நான்கு முதல் ஆறு வாரம் என்கிறார்கள். இந்தக் காத்திருப்பு 1877-லேயே பதிவாகியிருக்கிறது. பிரான்சில் இரண்டு ஆய்வாளர்கள் கழிவுநீரை மணல் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். சுமார் 20 நாள் எதுவுமே நடக்கவில்லை. அதன் பிறகுதான் அம்மோனியா குறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியை உள்ளே விட்டதும் வேலை நின்றது. செய்வது உயிருள்ள ஒன்று என்று அப்போதுதான் உறுதியானது. இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்யும் என்பது தெரிய 2015 ஆனது. அதில் ஒரு குழு அதைக் கண்டெடுத்த இடம், மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டர்!

நம் பக்கத்து போர்வெல் தண்ணீருக்கு இன்னொரு எச்சரிக்கை. தண்ணீரின் பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடும். வெயில் ஏறினால் இன்னும் கூடும். கத்திரி வெயிலில் தீனியைக் குறைப்பது மீனுக்குச் செய்யும் உபகாரம்.

அடுத்தது கரன்ட். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை கொட்டியது. மாவட்டத்தில் பல ஊர்கள் இருட்டில் கிடந்தன. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு மீன் தொட்டி நினைப்பு வந்திருக்காது, நியாயம்தான். ஆனால் இதுபோன்ற நீண்ட மின்வெட்டில் மீனோடு சேர்ந்து அந்த ஸ்பாஞ்சும் மூச்சுத் திணறும். இந்த நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். மூடிய ஃபில்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் சில மணி நேரத்தில் உள்ளே அழுகத் தொடங்கும். கரன்ட் வந்ததும் அப்படியே சுவிட்சைப் போட்டால், அந்த அழுகல் நேரே தொட்டிக்குள் பாயும். கரன்ட் போனதும் ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டியிலேயே போட்டுவையுங்கள். தீனி வேண்டாம். மக்கில் தண்ணீரை மொண்டு கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் காற்று கலக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பும் கிடைக்கிறது.

திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் கடற்கரையில் இருக்கும் இறால் பொரிப்பகங்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. இறால் குஞ்சுகளுக்கும் அம்மோனியா எமன்தான். இத்தகைய பொரிப்பகங்களுக்காகவே, இந்த நுண்ணுயிர்களை முன்கூட்டியே வளர்த்துப் பொருத்தும் கருவியைக் கொச்சியில் உள்ள குசாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. பழைய தொட்டியின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் அதுதான் உறை மோர். நோயில்லாத, மாதக்கணக்கில் ஓடும் தொட்டியாகப் பார்த்துக் கேளுங்கள். ஈரம் காயாமல் அதே தண்ணீரோடு கவரில் கொண்டுவந்து, புது ஃபில்டரில் வையுங்கள். முதல் மாதம் ஒன்றிரண்டு மீன் போதும். 'புதுத் தொட்டிக்கு எதுக்கு இந்த அழுக்கு?' என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். பத்தாவது நாள் மீனைக் காட்டிக்கொள்ளலாம்.