சங்கத்து அலமாரி: பெயரில்லாத படங்கள்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு மாலை, அலுவலகம் முடிந்து சங்கத்து வாசகசாலைக்குள் நாம் நுழைந்தபோது ஓர் அம்மையார் காத்திருந்தார். ஐம்பதாண்டுகளுக்கு மேல் இவ்வூர் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர். கணவர் காலமான பின் மகனுடன் திருநெல்வேலிக்கே திரும்ப முடிவு செய்திருந்தார்.

"தம்பி, 1974 பொங்கல் நாடகத்தில் அவர் ராஜா வேஷம் கட்டினார். அந்தப் படத்தைச் சங்கத்தில்தானே கொடுத்து வைத்தோம்? ஒரு பிரதி எடுத்துத் தாருங்கள். வியாழக்கிழமை வண்டிக்குக் கிளம்புகிறோம்" என்றார்.

"ஆகட்டும் அம்மா" என்று சொல்லிவிட்டோம். அன்று திங்கட்கிழமை.

பழைய ஆல்பங்களைக் கரையான் அரிக்கத் தொடங்கியபோது, 2016-இல் படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து, சங்கம் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஏற்றி வைத்தது அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003-இல் வெளியிட்ட மென்பொருள் அது. ஏற்றும் படங்களை அது தானாகவே ஆண்டு வாரியாக, மாத வாரியாக உறைகளில் இட்டு வைக்கும். ஆனால் அந்த மாதம் படம் எடுத்த மாதமன்று, ஏற்றிய மாதம். பார்சல் ஆபீசில் மூட்டைகளை வந்த தேதிப்படி அடுக்கி வைப்பதுபோலத்தான். உள்ளே இருப்பது மாம்பழமா, இரும்பா என்பது அடுக்குக்குத் தெரியாது. 1974-இன் ராஜாவும் 2015-இன் விளையாட்டு விழாவும் '2016, ஆகஸ்டு' என்னும் ஒரே உறைக்குள் கிடந்தன. அதிலும் ஸ்கேன் இயந்திரம் இட்ட எண்ணைத் தவிர எந்தப் படத்துக்கும் பெயரில்லை.

இங்கே நம் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்புகளை அடுக்குவதில் நமக்குச் சற்றுக் கர்வம் உண்டு; பதினோரு ஆண்டாகச் செய்யும் வேலையல்லவா! சென்ற ஆண்டு ஒருநாள் சர்வருக்குள்ளேயே புகுந்து, 'பொங்கல்', 'ஆண்டு விழா' என்று புது உறைகள் அமைத்து, அறுபது படங்களை நம் கையாலேயே இடம் மாற்றினோம். மறுநாள் பார்த்தால், பழைய விழாக் கட்டுரைகளில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள்! கல்லூரியில் கணினி படிக்கும் அண்டை வீட்டுத் தம்பியை அழைத்தோம். "அண்ணா, கட்டுரைக்குள் இருப்பது படமன்று, படத்தின் முகவரி. தபால்காரரிடம் சொல்லாமல் வீட்டை மாற்றிவிட்டால் கடிதம் எப்படி வந்து சேரும்?" என்றான். ஐம்பத்தொரு படங்களைப் பழைய இடத்திலேயே சேர்த்தோம். எங்கிருந்து எடுத்தோம் என்று குறித்து வைக்காத ஒன்பது இன்றும் வெற்றுக் கட்டங்களாகவே இருக்கின்றன.

நிற்க. அம்மையாரின் படத்தைத் தேடி இரண்டு இரவுகள் விழித்தோம். முந்நூறுக்கு மேற்பட்ட படங்களில் ராஜா வேஷம் மட்டும் நான்கு. எவர் அவர் கணவர் என்று நமக்கு எப்படித் தெரியும்? நாம் பிறப்பதற்கு முன் நடந்த நாடகம் அது. புதன்கிழமை மாலை அவரையே அழைத்து வந்து கணினியின் முன் உட்கார வைத்தோம். மூன்றாவது படத்தில் நிறுத்தச் சொன்னார். அட்டைக் கிரீடம், ஒரு பக்கம் உரிந்து தொங்கும் ஒட்டு மீசை. சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மந்திரியாக நிற்பவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வாயிற்காப்போன் லோகோ ஷெட் ஃபிட்டர். ராணி வேஷம் போட்டவர் புக்கிங் கிளார்க்" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். பதினோரு பெயர்களை எழுதிக்கொண்டோம். மறுநாள் பிரதியுடன் பிளாட்பாரத்துக்குச் சென்றோம். வண்டி நாற்பது நிமிடம் தாமதமாக வந்ததால் மேலும் மூன்று பெயர்கள் கிடைத்தன.

இப்போது, தம்பியின் யோசனைப்படி, உறை அமைக்கும் செருகுநிரல் ஒன்றை இணைத்திருக்கிறோம். அது படத்தை அசைப்பதில்லை. இன்ன படம் இன்ன உறையில் என்று தனியே ஒரு பதிவேட்டில் மட்டும் குறித்துக்கொள்கிறது. முகவரி மாறாததால் கட்டுரைகளுக்குச் சேதமில்லை. ஆனால் நாளை அச்செருகுநிரலை நீக்கினால் உறைகளும் போய்விடும், படங்கள் மட்டுமே மிஞ்சும். ஆகையால் ஆண்டு, விழா, மனிதர் பெயர் மூன்றையும் ஒவ்வொரு படத்தின் தலைப்பிலும் விளக்கத்திலும் எழுதி வருகிறோம். அவை வேர்ட்பிரஸிலேயே தங்கும், தேடினாலும் அகப்படும். புதுப்படம் அனுப்பும் அன்பர்கள், ஏற்றுவதற்கு முன்பே கோப்புக்குப் பெயரிட்டு அனுப்பினால் உபகாரமாக இருக்கும். கோப்பின் பெயர் மட்டும் ரோமன் எழுத்தில் இருக்கட்டும். தமிழில் வைத்தால் முகவரியில் அது சதவீதக் குறிகளின் நீண்ட சரமாகிவிடுகிறது. நமக்கு இது வருத்தமே. எனினும் தலைப்பைத் தமிழில் எழுத எந்தத் தடையும் இல்லை.

இன்னும் இருநூற்று நாற்பது படங்கள் பெயரின்றி இருக்கின்றன. அவற்றில் உள்ளவர்களை அறிந்த பெரியவர்கள் இவ்வூரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். இரு கை விரல்கள் போதுமாயிருந்தன. வரும் ஞாயிறு முதல், வாரந்தோறும் மாலை நான்கு மணிக்கு, வாசகசாலையில் படங்களைப் பெரிய திரையில் காட்டுகிறோம். பெரியவர்களை இளைஞர்கள் கைப்பிடித்து அழைத்து வர வேண்டுகிறோம். மாடிப்படி ஏற இயலாதவர்கள் சொல்லி அனுப்பினால், மடிக்கணினியுடன் நாமே வீட்டுக்கு வருகிறோம்.