சின்ன ஓட்டைக்கு டிஜிட்டல் வெர்னியர் எதற்கு?

மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த ஓட்டையை டிஜிட்டல் வெர்னியரால் அளந்து, திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்புகிறவர் அளக்கவில்லை, ஜோசியம் பார்க்கிறார். பம்ப் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஸ்பெக்‌ஷனில் கேஜும் கையுமாக இருந்தவன் சொல்கிறேன். கோபம் வருகிறவர்களுக்கு வரட்டும். கடைசிவரை படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வயதுக்காரர்கள் பலருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில். குளிர்காலத்தில் அங்கே தங்கியவர்கள் காதில் ‘பைன்வுட் டெர்பி’ என்ற பெயர் விழுந்திருக்கும். கப் ஸ்கவுட் என்கிற குட்டிச் சாரணர்களின் பொம்மைக் கார்ப் பந்தயம் அது. 1953-ல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்பவர் ஆரம்பித்து வைத்தார். சிறுவர்கள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் சோப் பாக்ஸ் டெர்பியில் சேர அவருடைய பத்து வயது மகனுக்கு வயது போதவில்லை. அதனால் கையளவு மரக்காரைச் சரிவில் உருட்டிவிடும் பந்தயத்தை யோசித்தார். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

பெட்டியில் ஒரு பைன் மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சுக்குப் பதில் நான்கு ஆணிகள். மோட்டார் கிடையாது. மொத்த எடை வழக்கமாக 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராமுக்கு மேல் போகக் கூடாது. எல்லாக் காரையும் இழுப்பது ஒரே புவியீர்ப்புதான். ஆகவே ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் சக்கரம் ஆணியில் எப்படிச் சுற்றுகிறது என்பதில் இருக்கிறது. ஓட்டை ரொம்ப லூஸாக இருந்தால் சக்கரம் ஆடும். ரொம்ப டைட்டாக இருந்தால் உரசும். நான்கும் நான்கு விதமாக இருந்தால் கார் ஒரு பக்கம் இழுத்துத் தடத்தின் நடுக்கட்டையில் போய் இடிக்கும்.

அந்த ஓட்டை ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர். நம் ஆசாரிகள் கணக்கில் ஒரு நூல்கூட இல்லை. ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு அங்குலம், 3.2 மில்லிமீட்டர். இதை அளக்கத்தான் அங்கே அப்பாக்கள் டிஜிட்டல் வெர்னியரை எடுக்கிறார்கள். பிள்ளையும் திரையில் 2.47 என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறது.

அந்த எண் எங்கிருந்து வந்தது? வெர்னியரின் உள் அளவுத் தாடைகள் கத்தி முனைபோலத் தெரிந்தாலும் நுனியில் சிறிய தட்டை உண்டு. வளைந்த சுவரில் தட்டையை வைத்தால் அது விட்டத்தைத் தொடாது, அதைவிடக் குட்டையான நாணைத்தான் தொடும். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தட்டை அரை மில்லிமீட்டர் இருந்தால் 2.50 ஓட்டை 2.45 என்று காட்டும். ஓட்டை சிறுக்கச் சிறுக்க இந்தப் பொய் பெருகும். 50 மில்லிமீட்டர் பேரிங் வீட்டில் இதே தட்டை ஒன்றும் செய்யாது. அதனால்தான் பெரிய வேலையில் பழகியவர்களும் இங்கே ஏமாறுகிறார்கள்.

இது போக, 0.01 வரை காட்டுகிற வெர்னியர் 0.01 வரை சரியாக இருக்கும் என்று யார் சொன்னது? நல்ல கம்பெனி வெர்னியருக்கே கூட்டல் கழித்தல் 0.02 மில்லிமீட்டர் என்றுதான் அதன் காகிதத்தில் போட்டிருக்கும். அதே ஓட்டையை மூன்று முறை அளந்து பாருங்கள். மூன்று எண் வந்தால் எதை எழுதுவீர்கள்?

வேறு வழி இல்லையா என்று தேடுகிறவர்கள் ஸ்மால் ஹோல் கேஜ் வாங்குகிறார்கள். பிளந்த உருண்டையைத் திருகி விரித்து, வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கும் சாமான். நல்ல சாமான்தான். ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் செட் 3 மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறது. நம் ஓட்டைக்குள் நுழையவே நுழையாது. டேப்பர் கேஜ் வாய் அளவை மட்டும் சொல்லும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது. டிரில் பிட்டைத் தலைகீழாக விட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. டிரில் பிட் துளை போடப் பிறந்தது. அதன் பின்பகுதி பொறித்த அளவைவிடச் சற்று மெலிந்திருப்பது சகஜம்.

இந்த வேலைக்கு உரியது பின் கேஜ். உரசித் தேய்த்து அளவு பார்த்த சுமார் இரண்டு அங்குல எஃகுக் குச்சிகள். ஒவ்வொன்றும் அடுத்ததைவிட ஒரு தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன் கூட. 0.097 தன் எடையிலேயே உள்ளே இறங்குகிறது, 0.098 வாயிலேயே நிற்கிறது என்றால் ஓட்டை இந்த இரண்டுக்கும் நடுவில். தீர்ந்தது வழக்கு. நம் பட்டறைகளில் காலம் காலமாக இருக்கும் ‘கோ, நோ கோ’ தத்துவம்தான் இது.

வாங்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, ‘மைனஸ்’ செட் கேளுங்கள். மைனஸ் குச்சி பொறித்த அளவுக்கு மேல் போகாது, கீழேதான் இருக்கும். அதனால் அதே அளவு ஓட்டைக்குள் அது இறங்கும். இரண்டாவது, ‘இசட் இசட்’ தரம் போதும். அதன் பிசகு 0.0002 அங்குலம், சுமார் 5 மைக்ரான். மூன்றாவது, 0.061 முதல் 0.250 வரை 190 குச்சி கொண்ட பெட்டி தேவையில்லை. 0.094 முதல் 0.100 வரை ஏழே ஏழு குச்சிகளைத் தனித்தனியாக வாங்கலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்களே, அது காசுக்கும் பொருந்தும்.

இங்கேதான் எதிர்க்கட்சிக்காரர்கள் வருவார்கள். ‘எக்ஸ்’ தரம் வாங்கு, ‘டபுள் எக்ஸ்’ வாங்கு, அறையை 20 டிகிரியில் வை என்பார்கள். கேஜ் அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ்தான் உலகப் பொது வெப்பநிலை, மறுக்கவில்லை. ஆனால் 2.5 மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி சூடானால் எவ்வளவு பெருக்கும்? சுமார் 0.3 மைக்ரான். ஒரு தவ் என்பது 25 மைக்ரான். தெருக்கோடிக்கு நடக்கிறவனுக்கு விமான டிக்கெட் விற்கிற வேலை இது. வெர்னியரை நம்புகிறவர் ஒரு கோடியில் தப்பு செய்கிறார் என்றால், இவர்கள் மறுகோடியில் செய்கிறார்கள். அளக்க வேண்டியது என்ன என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

உபயோகிக்கும் முறையும் முக்கியம். ஓட்டை வாயில் பிசிறு இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். கிராஃபைட் தூள் போடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் விட்டுப் பாருங்கள், அச்சில் வார்த்த ஓட்டை ஒரு பக்கம் சற்று அகலமாக இருக்கலாம். குச்சியை அழுத்தாதீர்கள். பிளாஸ்டிக் வளைந்து கொடுத்து 0.098-ஐயும் உள்ளே விட்டுவிடும். அப்புறம் அது ஓட்டையின் அளவாக இருக்காது, உங்கள் கட்டைவிரலின் பலமாக இருக்கும்.

“விளையாட்டுக் கார்தானே, ராக்கெட்டா விடப் போகிறோம்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. விளையாட்டு என்பதால்தான் இத்தனை பேசுகிறேன். ராக்கெட் செய்கிற இடத்தில் சம்பளத்துக்கு ஆள் வைத்து அளப்பார்கள். எட்டு வயதுக் குழந்தை அளவு என்றால் என்ன என்று முதன்முதலில் தெரிந்துகொள்வது இந்த மாதிரி ஒரு மேஜையில்தான். திரையைக் காட்டினால், மிஷின் சொல்வதே உண்மை என்று கற்றுக்கொள்ளும். இரண்டு குச்சியைக் கொடுத்தால், இது போகிறது, இது போகவில்லை, ஆகவே உண்மை நடுவில் இருக்கிறது என்று தானே கண்டுபிடிக்கும். இந்த இரண்டாவது படிப்பு சாகும்வரை கூட வரும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பந்தயத்துக்கு முதல் நாள் இரவு குழந்தையைத் தூங்கச் சொல்லிவிட்டு, கடைந்து மெருகேற்றிய சக்கரங்களைக் காசு கொடுத்து வாங்கி மாட்டுகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். பல இடங்களில் சக்கரத்தைச் செதுக்கக் கூடாது என்று விதியே உண்டு. அளந்து தேர்ந்தெடுக்கக் கூடாது என்று விதி இருக்காது. மூன்று பெட்டி வாங்கினால் பன்னிரண்டு சக்கரம். குழந்தையே குச்சி விட்டுப் பார்த்து, ஒரே மாதிரி நான்கைப் பிரித்து எடுக்கட்டும். விதியும் மீறவில்லை, வேலையும் அதனுடையது.

அடுத்த முறை பிள்ளை வீட்டுக்குப் புறப்படும்போது ஊறுகாய், வடகத்தோடு இதையும் ஞாபகத்தில் வையுங்கள். அங்கே போனதும் ஏழு குச்சி வாங்கித் தரச் சொல்லுங்கள். வெர்னியரை டிராயரில் வைத்து மூடுங்கள். ஆணியின் வெளி அளவு பார்க்கும்போது எடுத்துக்கொள்ளலாம், அதற்கு அது நல்ல சாமான்தான்.