பேட்டரிச் சான்றிதழ் இல்லாமல் பெயர் மாற்றம் கூடாது

மாசாய், ஸ்கூடாய், கூலாய் வட்டாரத் தாமான்களில் புரோட்டோன் வீராவும் பெரோடுவா கஞ்சிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்ற நினைக்கும் ஜொகூர் குடும்பங்கள் பலவற்றின் பார்வை இப்போது கைமாறி வரும் மின்சாரக் கார்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் வரிவிலக்கோடு வந்திறங்கிய பிஒய்டி அட்டோ 3, டோல்பின், ஓரா குட் கேட் போன்றவை பழைய கார் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டன. இந்த மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால், காரின் விலையில் கணிசமான பங்கு பேட்டரிக்கே போகும்போது, அதன் நிலை தெரியாமலேயே கார் கைமாறலாம் என்ற இன்றைய ஏற்பாட்டை ஏற்க முடியாது.

மின்சாரக் காரால் மிச்சம் உண்டு. அது யாருக்கு என்பதுதான் கேள்வி. பூடி95 சலுகைத் திட்டத்தில் பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட். 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் பழைய காருக்கு ஏறக்குறைய 16 ரிங்கிட் ஆகும். அதே தூரத்துக்கு மின்சாரக் கார் 15 யூனிட் எடுத்தால், வீட்டுக் கட்டணம் யூனிட்டுக்கு 45 சென் என்ற கணக்கில் 7 ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். 2026 ஜனவரியில் நடப்புக்கு வந்த புதிய முறைப்படி, 100 கிலோவாட்டுக்கு உட்பட்ட மின்சாரக் காரின் சாலை வரியும் 70 ரிங்கிட்டைத் தாண்டாது. ஆனால், அடுக்குமாடியில் குடியிருந்து பொது இடத்து விரைவு சார்ஜரை மட்டுமே நம்புபவர் யூனிட்டுக்கு 1.50 ரிங்கிட் கொடுத்தால், அந்த 100 கிலோமீட்டருக்கு 22.50 ரிங்கிட் ஆகிவிடும். சலுகை விலைப் பெட்ரோலே அவருக்கு மலிவு. ஆகவே இன்றைக்கு இந்த மாற்றம் தரை வீடும் வாசலில் கார் நிறுத்த இடமும் உள்ளவர்களுக்கே கட்டுப்படியாகும்.

அவர்களுக்கும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. விற்பனைக்கு நிற்கும் காரின் திரையில் 100 விழுக்காடு என்று தெரிந்தால், பேட்டரி முழுதாக நிரம்பியிருக்கிறது என்று மட்டுமே பொருள். புதிதாக இருந்தபோது அதற்கு இருந்த கொள்ளளவில் இன்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. நிசான் லீஃப் காரில் இதற்கென்றே தனியாக 12 கோடுகள் இருந்தன; கொள்ளளவு குறையக் குறைய ஒவ்வொன்றாக மறையும். எல்லாக் கார்களிலும் இப்படி வெளிப்படையாகக் காட்டும் வசதி இல்லை. பல கார்களில் கருவியை இணைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனை, காரின் அடையாளத்தையும் சாசி எண்ணையும் சரிபார்க்கிறது. பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் சான்றிதழ் அங்கே கட்டாயமில்லை. வெள்ளத்தில் சிக்கிய கார்களின் கவலையும் இதோடு சேர்கிறது. 2023 மார்ச்சில் சிகாமட், பத்து பகாட் பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. நனைந்த இருக்கையைக் கழுவி மாற்றிவிடலாம். காரின் அடித்தளத்தில் இருக்கும் பேட்டரிக்குள் ஈரம் புகுந்ததா என்பதை வாங்குபவர் வெறுங்கண்ணால் காண முடியாது.

கடன் கணக்கையும் பாருங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். 2023இல் பதிவான காருக்கு அது 2031இல் முடிகிறது. 2026இல் 7 ஆண்டுத் தவணையில் அதை வாங்குபவர் 2033 வரை கட்ட வேண்டும். கடைசி இரண்டு ஆண்டும் உத்தரவாதமில்லாத பேட்டரிக்காகத் தவணை கட்டுவார். நிறுவனமே ஆட்டம் கண்டால் நிலைமை இன்னும் மோசம். 2023இல் இங்கு அறிமுகமான நெட்டா வி காரைத் தயாரித்த ஹோசோன் நிறுவனம், 2025 ஜூனில் சீனாவில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது.

சான்றிதழைக் கட்டாயமாக்கினால் செலவு கூடும், விற்பனை சுணங்கும் என்று வியாபாரிகள் சொல்லக்கூடும். நடப்பதோ நேர்மாறு. பேட்டரியின் நிலை தெரியாதவரை நல்ல காரையும் மக்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். விலையை அடித்துக் கேட்பார்கள். நேர்மையாக விற்பவருக்குச் சான்றிதழே பலம். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி 18 முதல் மின்சார வாகன பேட்டரிகளுக்கு மின்னிலக்கக் கடப்பிதழைக் கட்டாயமாக்குகிறது. நம்மால் ஒரு தாளைக் கூடவா கேட்க முடியாது?

போக்குவரத்து அமைச்சு, பெயர் மாற்றப் பரிசோதனையில் பேட்டரிக் கொள்ளளவையும் வெள்ளச் சேதத்தையும் சேர்க்க வேண்டும். 20 ஆண்டைக் கடந்த காரை அழித்துவிட்டுப் புதிய புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குவோருக்கு 2026 வரவு செலவுத் திட்டம் 4,000 ரிங்கிட் வரை உதவி அறிவித்தது. புதுக் கார் வாங்க வசதியில்லாத குடும்பம்தான் பழைய காரைக் கட்டிக்கொண்டு அழுகிறது. சான்றிதழ் பெற்ற பழைய மின்சாரக் காருக்கும் அந்த உதவி கிடைக்க வேண்டும். அடுக்குமாடிகளில் சார்ஜர் அமைக்க ஜொகூர் மாநில அரசு வழி செய்ய வேண்டும்.

சட்டம் வரும்வரை வாசகர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும். காரைத் தயாரித்த நிறுவனத்தின் சேவை மையத்தில் பேட்டரியைச் சோதித்து, அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை உறுதிசெய்யுங்கள். அறிக்கையைத் தர மறுக்கும் வியாபாரியிடம் முன்பணம் கட்டாதீர்கள்.