நுவரெலியாவில் பனிமழை பொழியுமா?

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நம்மவர் நம்பிக்கை. கொழும்பில் தை பிறந்ததும் தவறாமல் பிறப்பது ஒரு வதந்தி. 'நுவரெலியாவில் இம்முறை பனிமழை பொழியப்போகிறதாம்' என்ற பேச்சு வெள்ளவத்தைக் காலி வீதியின் தேநீர்க்கடைகளிலும் கொட்டாஞ்சேனைக் கடைத்தெருவிலும் அடிபடத் தொடங்கிவிடும். வளிமண்டலவியல் திணைக்களம் காலையில் வெளியிடுகின்ற குறைந்தபட்ச வெப்பநிலையை ஆர்வலர்கள் கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கையைப் போன்று கவனித்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆறு, ஐந்து, நான்கு என்று பாகைக் கணக்கு இறங்க இறங்க எதிர்பார்ப்பு ஏறுகிறது. வார இறுதிக்கு வாகனம் ஏற்பாடு செய்யப்படுகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வசிக்கும் உறவினர்கள் கூட, 'உங்கடை நாட்டிலும் ஸ்நோ கொட்டுதாமே' என்று தொலைபேசியில் விசாரிக்கிறார்கள்.

பத்திரிகைத் துறையில் முப்பது வருடங்களுக்கும் மேலாகப் பணியாற்றிவரும் எனக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. ஆண்டுதோறும் செய்தி ஆசிரியர் பீடத்துக்கு வருகின்ற தொலைபேசி அழைப்புகளில் இதுவும் ஒன்று. கேட்பவர்களை நான் ஒருபோதும் ஏளனம் செய்வதில்லை. வெப்பத்திலேயே பிறந்து வளர்ந்த மக்கள் குளிரின் மீது கொள்ளும் ஆசையில் பிழையேதும் இல்லை. ஆனால், இந்த ஆசைக்குள் ஓர் அறியாமையும் ஒரு பாராமுகமும் ஒளிந்திருக்கின்றன. முன்னையதை ஒரு பந்தியில் தீர்த்துவிடலாம். பின்னையது அவ்வளவு எளிதில் தீரக்கூடியதல்ல.

குழப்பத்துக்கு நமது மொழியும் ஓரளவுக்குக் காரணம் எனலாம். புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, வீதியை மறைக்கும் புகாரும் பனி, இலையின் மேல் உப்புத் தூவியதைப் போன்று படியும் படிகமும் பனி, கனடாவில் வாசலை மூடிவிடும் வெண்குவியலும் பனி. முன்பனி, பின்பனி என்று ஆண்டின் இரு பருவங்களுக்கே பனியின் பெயரைச் சூட்டியவர்கள் தமிழர்கள். அவர்கள் கண்ட நிலத்தில் வானிலிருந்து வெண்பஞ்சாக எதுவும் பொழிந்ததில்லை என்பதால் அதற்கெனத் தனிச்சொல் தேவைப்படவில்லை. சிங்களப் பத்திரிகைகள் நுவரெலியாவில் காண்பதைத் 'துஷார' என்றும் வானிலிருந்து பொழிவதை 'ஹிம' என்றும் பிரித்தே எழுதுகின்றன. தமிழ் ஊடகங்களோ இரண்டுக்கும் 'பனிப்பொழிவு' என்று தலைப்பிட்டுவிடுகின்றன. படிப்பவர் பனிமழை என்று விளங்கிக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?

நுவரெலியாவில் உண்மையில் நிகழ்வது உறைபனி. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்து, காற்று அடங்கி, வளி வரண்டிருக்கும் இரவுகளில் தரையும் புல்லும் இலைகளும் தமது வெப்பத்தை வானவெளிக்கு விரைவாக இழந்துவிடுகின்றன. குளிர்ந்த வளி பாரமானது என்பதால் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. திணைக்களத்தின் வெப்பமானி தரையிலிருந்து மார்பளவு உயரத்தில் நிழற்பெட்டிக்குள் இருந்து மூன்று அல்லது நான்கு பாகை செல்சியஸ் என்று காட்டும்போது, கீழே புல்லின் மேற்பரப்பு சுழியத்துக்கும் கீழே போயிருக்கும். அந்தப் பரப்பில் படியும் நீராவியே வெண்படிகமாக உறைகிறது. அது மேலிருந்து பொழிந்ததல்ல. இருந்த இடத்திலேயே விளைந்தது.

பனிமழைக்கு முகில் வேண்டும். அந்த முகில் உறைநிலைக்குக் கீழே இருக்கவேண்டும். அங்கிருந்து நிலத்துக்கு மிக அண்மை வரையிலும் வளி கடுங்குளிராக இருக்கவேண்டும். நமது அகலக்கோட்டில் வளிமண்டலம் உறைநிலையை எட்டுவது ஏறத்தாழ 5,000 மீற்றர் உயரத்திலேயே. நுவரெலியா நகரம் சுமார் 1,900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் அதியுயர் சிகரமான பீதுருதாலகாலையின் உயரமே 2,524 மீற்றர்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கிளிமஞ்சாரோவின் உச்சியில் வெண்பனி இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அந்த மலையின் உயரம் 5,895 மீற்றர் என்பதே அதற்கான பதில். எல்லாவற்றுக்கும் மேலாக, முகில் மூடிய இரவில் தரையின் வெப்பம் தப்பிச் செல்ல இயலாது என்பதால் உறைபனியே உருவாகாது. அதாவது, நமது ஆர்வலர்கள் எந்தத் தெளிந்த இரவைப் பார்த்துப் பனிமழையை எதிர்பார்க்கிறார்களோ, அந்தத் தெளிந்த இரவே பனிமழைக்கு இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

வானிலை ஆர்வம் நமக்கு மாத்திரம் உரிய பலவீனமுமல்ல. பிரித்தானியாவில் நத்தார் தினத்தன்று பனி பொழியுமா என்று பந்தயம் கட்டுவது நீண்டகால வழக்கம். டிசம்பர் 25 ஆம் திகதியின் 24 மணித்தியாலங்களுக்குள் ஒரேயொரு பனித்துகள் விழக் காணப்பட்டால் போதும், அது 'வெள்ளை நத்தார்' என்று அந்நாட்டு வானிலை நிலையம் வரையறுத்து வைத்திருக்கிறது. வாரக்கணக்கில் முன்கூட்டியே வரைபடங்களைப் பார்த்து வாதிடும் ஆர்வலர்கள் அங்கு ஏராளம். ஆனால், அதே நாட்டில் கடுங்குளிர் வரும்போது முதியவர்களின் உடல்நிலை குறித்த சுகாதார எச்சரிக்கையும் கூடவே வருகிறது. ஆர்வமும் எச்சரிக்கையும் ஒரே செய்தியின் இரு பகுதிகளாக அங்கு இருக்கின்றன. நம்மிடம் முதற்பகுதி மாத்திரமே இருக்கிறது என்பதுதான் எனது விசனம்.

தமிழரிடையே இந்த ஆர்வம் அரும்பெரும் சேவையாகவும் மாறியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த பேராசிரியர் நாகமுத்து பிரதீபராஜா தமிழில் வெளியிடுகின்ற முன்னறிவிப்புகளை வடக்கு, கிழக்கின் விவசாயிகளும் கடற்றொழிலாளரும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிரதீப் ஜான் எந்த அரச பதவியும் இல்லாமல், ஆர்வம் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு இலட்சக்கணக்கானோரின் நம்பிக்கையைப் பெற்றார். வானத்தைப் பார்ப்பவர் அதன் கீழே வாழும் மனிதரையும் பார்த்தால் எவ்வளவு பயன் விளையும் என்பதற்கு இவர்கள் சான்று.

பார்க்கத் தவறினால் என்ன நிகழும் என்பதற்கு 2022 டிசம்பர் சான்று. மண்டூஸ் சூறாவளி தமிழ்நாட்டுக் கரையை நெருங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில் கொழும்பிலும் வழக்கத்துக்கு மாறான குளிர் நிலவியது. வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து பார்த்தபோது அடிவானமே தெரியவில்லை. நுவரெலியா கொழும்புக்கு வந்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்து படம் எடுத்தார்கள். அந்த மங்கல் மூடுபனியல்ல. காற்றில் கலந்து வந்த மாசு. காற்றின் தரம் மோசமடைந்ததன் காரணமாக அந்த டிசம்பர் 9 ஆம் திகதி நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அழகென்று நினைத்து நாம் நெஞ்சு நிறைய இழுத்துவிட்டதை வைத்தியர்கள் முகக்கவசம் அணிந்து தவிர்க்கச் சொன்னார்கள்.

அதே நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. நோய் ஏதும் பரவிவிட்டதோ என்ற அச்சம் முதலில் எழுந்தது. பரிசோதனைகளின் பின்னர், குளிரின் தாக்கமே காரணம் என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். அங்கு வெப்பநிலை உறைநிலைக்கு அருகில் கூடச் செல்லவில்லை என்பது இங்கு கவனத்துக்குரியது. திறந்த வெளியில், தொடர் மழையில் நனைந்து, பலத்த காற்றில் நின்ற கால்நடைகளுக்கு அந்தக் குளிரே போதுமானதாக இருந்தது. குளிர் கொல்வது வெப்பமானியின் எண்ணைப் பொறுத்தது மாத்திரமல்ல. கூரையும் உலர்ந்த இடமும் வயிற்றில் உணவும் இருக்கின்றனவா என்பதையும் பொறுத்தது.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய்ப் பாருங்கள். கிரகரி வாவிக் கரையிலும் குதிரைப் பந்தயத் திடலிலும் வெண்மை பூத்த புல்லைப் படமெடுக்கும் கூட்டத்துக்குப் பின்னால் தேயிலை மலைகள் இருக்கின்றன. உறைபனி படிந்த கொழுந்து, சூரியன் ஏறியதும் கருகிப்போகிறது. கருகிய செடி மீண்டும் துளிர்த்துப் பறிக்கும் நிலைக்கு வரப் பல வாரங்கள் செல்லும். மரக்கறித் தோட்டக்காரர்கள் விடியுமுன் எழுந்து நீர் தெளித்து உருளைக்கிழங்குச் செடிகளைக் காப்பாற்றப் போராடுவார்கள். தேயிலை மலைக்கு அப்படி நீர் தெளிக்க இயலுமா? இது எமக்கு மாத்திரம் உரிய அனுபவமல்ல. 2019 ஜனவரியில் கேரளத்தின் மூணாற்றில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்கியபோது, ஒருபுறம் சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். மறுபுறம் தேயிலை கருகியது.

கொழுந்து இல்லையேல் வேலைநாளும் குறையும். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயர்த்துவதுடன், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் மேலும் 200 ரூபா வழங்கும் என்று 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க விடயமே. ஆனால், அது நாட்சம்பளம். வேலை இல்லாத நாளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. எனவே, கொழும்பில் நாம் பகிர்ந்து மகிழும் 'மூன்று பாகை' என்ற செய்தி, மலையில் ஒரு குடும்பத்தின் அடுத்த மாத வருமானம் பற்றிய செய்தியும் ஆகும்.

வருமானம் ஒருபுறமிருக்க, அந்த இரவை அவர்கள் எங்கே கழிக்கிறார்கள் என்பதும் கேள்வி. 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று நமது முன்னோர் சொன்னார்கள். மச்சே இல்லாத லயன் அறையின் தகரக் கூரையைத் துளைப்பதற்கு மாசி வரை காத்திருக்க வேண்டுமா? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள், அடுப்புப் புகையையும் கம்பளியையும் நம்பிக் குழந்தைகளும் முதியவர்களும் விடியலுக்குக் காத்திருக்கிறார்கள். தமிழகத்தின் வெப்பச் சமவெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்கள் இந்தக் குளிரில் குடியேற்றப்பட்டு இரு நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. 'மலையகம் 200' என்று 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தோம். ஆயினும், சொந்தக் காணியும் உறுதியான கூரையும் இன்னமும் பெரும்பாலானோருக்குக் கோரிக்கைகளாகவே இருக்கின்றன.

மலைநாட்டின் வானிலை அழகுக் காட்சியல்ல என்பதை 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி எவரும் மறக்கமுடியாத வகையில் உணர்த்தியது. 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மண்சரிவுகளில் மாண்டவர்களே அவர்களில் அதிகம். எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாகவே கிடைத்தன அல்லது கிடைக்கவேயில்லை என்ற விமர்சனம் அப்போது பரவலாக எழுந்தது. பனிமழை வதந்தி தமிழில் ஒரே நிமிடத்தில் உலகம் சுற்றிவருகிறது. உயிர்காக்கும் எச்சரிக்கை அதே தமிழில் ஏன் அவ்வாறு பயணிப்பதில்லை? இந்தக் கேள்விக்கு அரசாங்கம் மாத்திரமல்ல, ஊடகங்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

இயலாத எதையும் நான் கேட்கவில்லை. முதலாவதாக, தமிழ் ஊடகங்கள் உறைபனியை உறைபனி என்றே எழுதட்டும். இரண்டாவதாக, குளிர் பற்றிய செய்தியில் வெப்பநிலையோடு சேர்த்து எந்தத் தோட்டங்களில் கொழுந்து கருகியது, எத்தனை நாள் வேலை போயிற்று என்பதும் இடம்பெறட்டும். மூன்றாவதாக, உறைபனிக்கு வாய்ப்புள்ள இரவுகளை ஓரிரு நாட்களுக்கு முன்பே கணிக்க முடியும் என்பதால், அந்த அறிவித்தல் தோட்டங்களுக்கும் மரக்கறிச் செய்கையாளர்களுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் சென்றடையட்டும். இதிலே நமது இளம் வானிலை ஆர்வலர்கள் பெரும்பங்கு ஆற்றலாம். இரவிரவாக விழித்திருந்து பாகைக் கணக்குப் பார்க்கும் அவர்களின் உழைப்பு வீண்போகக் கூடாது.

நுவரெலியாவுக்குப் போகவேண்டாம் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். போகிறவர்கள் தேயிலைச் செடிகளை மிதிக்காமல், வேலைக்குப் போகும் பெண்களின் முகத்துக்கு நேரே கமெராவை நீட்டாமல், விடியற்காலை உறைபனியைக் கண்ணாரக் கண்டு வாருங்கள். பனிமழை பொழியுமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு, பொழியாது என்பதே ஆண்டுதோறும் நான் சொல்லும் பதில். அந்த இரவில் லயன் அறைகளில் எத்தனை பேர் குளிரில் விறைத்துக் கிடந்தார்கள் என்று இதுவரை எவரும் தொலைபேசியில் கேட்டதில்லை. அந்தக் கேள்வியும் ஒரு நாள் வரவேண்டும்.