சூடா, முள்ளின் பொய்யா?

மாலை ஆறரை மணி. பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் நகர மறுக்கும் வாகன வரிசை. நடுவே மாட்டிக்கொண்ட பழைய கார் ஒன்றில் வெப்பமானியின் முள் மெல்ல ஏறி 'எச்' எழுத்தைத் தொடுகிறது. ஓட்டுநர் பதறிப்போய் இறங்கி பானெட்டைத் தூக்கினால், உள்ளே ஆவியும் இல்லை, தீய்ந்த வாடையும் இல்லை. ரேடியேட்டர் ஃபேன் சும்மா நிற்கிறது. சூடு இல்லாததால் நிற்கிறதா, மோட்டார் எரிந்துபோனதால் நிற்கிறதா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கேஜ் கோளாறுதான் என்று துணிந்து ஓட்டினால், நிஜமாகவே சூடாகியிருக்கும் என்ஜினில் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். என்ஜின்தான் கோளாறு என்று முடிவு கட்டினால், நல்ல ரேடியேட்டரைக் கழற்றி, நல்ல வாட்டர் பம்ப்பை மாற்றி, கடைசியில் முள் அதே இடத்தில் நிற்கும். பில் மட்டும் ஏறியிருக்கும்.

விஷயம் எளியது. மாருதி 800 காலத்துக் கார்களில், என்ஜினின் தண்ணீர்ப் பாதையில் விரல் பருமனுக்கு ஒரு பித்தளைத் துண்டு திருகப்பட்டிருக்கும். அதற்குள் இருக்கும் தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற மின்தடையைக் குறைத்துக்கொள்ளும். தடை குறைந்தால் மின்சாரம் அதிகம் பாயும், முள் மேலே போகும். ஆகவே ஒயரின் உறை உரிந்து என்ஜின் உலோகத்தில் பட்டாலே போதும். என்ஜின் பச்சைத்தண்ணீராகக் குளிர்ந்திருந்தாலும் முள் 'எச்'சில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அனுபவசாலி மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தொடமாட்டார். சாவியைத் திருப்பிவிட்டு, சென்சாரின் ஒயரைக் கழற்றுவார். முள் 'சி'க்கு விழ வேண்டும். விழாவிட்டால் ஒயர் எங்கோ எர்த் ஆகிறது, அல்லது கேஜ் கெட்டிருக்கிறது. பிறகு ஒயர் நுனியை ஒரு நொடி என்ஜின் உலோகத்தில் தொடுவார். முள் 'எச்' பக்கம் எழுந்தால் கேஜும் ஒயரும் சரி, சந்தேகம் சென்சார் மீது. பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தாறுமாறாக ஆடினால், இரண்டுக்கும் பொதுவான மின் இணைப்பைப் பார்க்க வேண்டும்.

சென்சாரைச் சோதிக்க அடுப்படி போதும். அதைக் கழற்றி மல்டிமீட்டரில் மாட்டி, முதலில் குளிர்ந்த நீரிலும் பிறகு கொதிநீரிலும் வைத்தால் மின்தடை வெகுவாகக் குறைய வேண்டும். ஒரு சின்ன விவரம்: கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறக்குறைய 97லேயே கொதித்துவிடும். ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமாசாரம் இது.

புதிய கார்களில் இந்த ஒயர் விளையாட்டு கூடாது. சென்சார் கம்ப்யூட்டரிடம் பேசுகிறது, கம்ப்யூட்டர் முள்ளிடம் பேசுகிறது. பல மாடல்களில் 85 டிகிரி ஆனாலும் 100 ஆனாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள், ஓட்டுபவர் வீணாகக் கலவரப்படக் கூடாதாம்! சில சிறிய கார்களில் முள்ளே கிடையாது. குளிர்ச்சிக்கு நீல விளக்கு, சூட்டுக்குச் சிவப்பு, அவ்வளவுதான். உண்மையான டிகிரி வேண்டுமானால் ஸ்கேனரைச் செருகித்தான் படிக்க வேண்டும்.

முள் 'எச்'சுக்குப் போனால் யாரும் கவலைப்படுவார்கள். 'சி'க்கு இறங்கினால் நிம்மதி அடைகிறார்கள். எப்போதும் பாதிக்குக் கீழேயே கிடந்தால், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், உயிர் போகாது. ஆனால் கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் ஏற்றத்தில் மேலே ஏறிக்கொண்டிருந்த முள் சட்டென்று சரிந்தால் கதை வேறு. குழாய் வெடித்துத் தண்ணீர் வெளியேறியிருக்கலாம். தண்ணீர் தொடாத சென்சார் வெறும் காற்றைத்தான் அளக்கும். கேஜ், ஒயர், சென்சார் எல்லாம் ஒழுங்காக இருந்தும் முள் பொய் சொல்லும் நேரம் அது. உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியில் கைவைப்பது, நன்றாக ஆறிய பிறகுதான்.