பச்சை சால்சாவும் ஒரே ஒரு அவகாடோவும்

மெக்சிகோ சாப்பாடு என்றதும் நிறைய பேருக்கு ஞாபகம் வருவது ஒன்றுதான். பெரிய கிண்ணம் நிறையப் பிசைந்து வைத்த அவகாடோ, பக்கத்தில் ஒரு பை சோள சிப்ஸ். அமெரிக்காவில் சூப்பர் பௌல் மேட்ச் நடக்கும் நாளில் டி.வி. முன்னால் உட்கார்ந்து குவாகமோலே தின்பது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. அங்கிருந்து அது சினிமா, சீரியல், சமையல் வீடியோ என்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆனால் மெக்சிகோவில் டாக்கோ கடை மேஜையிலும் வீட்டுச் சாப்பாட்டிலும் இருக்கும் காரமான பச்சை சால்சா வேறு ரகம். தளர்வாக, ஸ்பூனால் ஊற்றுகிற பதத்தில் இருக்கும். முதல் வாயிலேயே மிளகாய் உறைக்கும், பிறகு புளிப்பு, கடைசியில்தான் அவகாடோவின் வழவழப்பு. இதில் கதாநாயகன் மிளகாய். அவகாடோ குணச்சித்திர நடிகர் மட்டுமே. இந்த வேடப் பொருத்தத்தை மாற்றினால் படம் ஓடாது. ருசியும் கெடும், வேறு சிலதும் கெடும். அந்த வேறு சிலதுதான் இங்கே விஷயம்.

முதலில் செய்முறை.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு டொமாட்டியோ கால் கிலோ, செர்ரானோ மிளகாய் மூன்று, பூண்டு ஒரு பல், வெள்ளை வெங்காயம் கால் பாகம், கொத்தமல்லி ஒரு கைப்பிடி, தேவையான உப்பு, நன்றாகப் பழுத்த அவகாடோ ஒன்றே ஒன்று. அவ்வளவுதான்.

டொமாட்டியோ என்றால் பச்சைத் தக்காளி என்று நினைத்தால் தப்பு. காகிதம் மாதிரி ஒரு உறைக்குள் இருக்கும் புளிப்புக் காய் அது. தமிழ்நாட்டு வயல் வரப்புகளில் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளியை நெற்றியில் அடித்து வெடித்து விளையாடியவர்களுக்கு எளிதாகப் புரியும். இரண்டும் தாவரவியலில் ஒரே பேரினம். மெக்சிகோக்காரர்கள் அதையே பெரிய காயாக வளர்த்துச் சமையலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

உறையை உரித்து, மேலே இருக்கும் பிசுபிசுப்பு போகக் கழுவி, மிளகாயோடு சேர்த்து வாணலியிலோ தோசைக்கல்லிலோ எண்ணெய் விடாமல் சுட வேண்டும். தோலில் அங்கங்கே கரும்புள்ளி விழுந்து, காய் குழைந்தால் போதும். பிறகு பூண்டையும் உப்பையும் மிளகாயையும் முதலில் நசுக்கி, அதன்மேல் டொமாட்டியோவைப் போட்டு அரைக்க வேண்டும். மெக்சிகோவில் இதற்கென்றே மூன்று கால் வைத்த எரிமலைக் கல் உரல் உண்டு. பெயர் மோல்காஹெத்தே. இன்றைக்கு அங்கேயும் பெரும்பாலான வீடுகளில் மிக்ஸிதான் ஓடுகிறது, அதனால் மிக்ஸியில் அரைத்தால் பாவம் ஒன்றும் வந்துவிடாது.

இந்த இடத்தில் ஒரு முறை ருசி பார்க்க வேண்டும். காரமும் உப்பும் புளிப்பும் ஒரு சுற்று தூக்கலாகவே இருக்க வேண்டும். “ஐயோ, ஜாஸ்தியாகிவிட்டதே” என்று தோன்றினால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆறிய பிறகு கடைசியாக அவகாடோவைப் போட்டு ஒரு சுற்று, கொத்தமல்லியும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் கலந்தால் முடிந்தது.

அவகாடோ ஏன் கடைசியில்? ஏன் ஒன்று மட்டும்? மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். நூறு கிராம் அவகாடோவில் சுமார் 15 கிராம் கொழுப்பு இருக்கிறது. அது உறைப்பை வாங்கிக்கொண்டு நாக்கில் மெதுவாக விடுகிறது. ஒரு பழம் போட்டால் காரம் அடங்கி, ஆனால் உயிரோடு இருக்கும். மூன்று பழம் போட்டால் காரம் காணாமலே போய்விடும். அப்புறம் காரம் பத்தவில்லை என்று இன்னும் நாலு மிளகாய், அது அதிகமாகிவிட்டது என்று இன்னொரு பழம்... இப்படியே போனால் கல்யாண வீட்டுக்கே சால்சா செய்துவிடலாம்!

நடுவில் ஒரு துணுக்கு: காரம் முக்கியமாக மிளகாய் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. காரம் குறைய வேண்டுமென்றால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதேபோல், அவகாடோ கொட்டையைக் கிண்ணத்தில் போட்டு வைத்தால் கறுக்காது என்பதும் கட்டுக்கதை. காற்று பட்டால் பழத்தில் உள்ள நொதி வேலை செய்து கறுக்க வைக்கிறது. கொட்டைக்கு அடியில் இருக்கும் இடத்துக்குக் காற்று போகாது, அதனால் அது மட்டும் பச்சையாக இருக்கும். டொமாட்டியோவின் புளிப்பு இந்த நொதியைத் தாமதப்படுத்துகிறது. குவாகமோலேவை விடப் பச்சை சால்சா நிறம் மாறாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

சமையல் குறிப்பு இத்தோடு போதும். இனி அந்த ஒரு பழத்தின் கதை.

குவாகமோலே என்ற பெயரே அஸ்டெக் மக்களின் நவாட்ல் மொழியிலிருந்து வந்தது. அவாகாட்ல் என்றால் அவகாடோ, மோல்லி என்றால் குழம்பு அல்லது சாஸ். டொமாட்டியோ, மோல்காஹெத்தே எல்லாம் அதே மொழியின் வாரிசுகள்தான். தமிழ்ச் சமையலறையை ஆளும் மிளகாய்கூட அந்தப் பக்கத்துச் செடி, 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் இந்தியா வந்தது. 2010-ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் பாரம்பரியச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அதற்கு உதாரணமாகக் காட்டப்பட்ட மாநிலம் மிச்சோவாகான்.

அதே மிச்சோவாகான்தான் உலகத்தின் அவகாடோ தலைநகர். உலக விளைச்சலில் ஏறத்தாழ 30 சதவீதம் மெக்சிகோவுடையது, அதில் பெரும்பகுதி இந்த ஒரு மாநிலத்தில் விளைகிறது. இது தற்செயலாக நடக்கவில்லை. 1914-லிருந்து அமெரிக்கா, பூச்சி வந்துவிடும் என்று சொல்லி மெக்சிகோ அவகாடோவைத் தடை செய்து வைத்திருந்தது. 1997-ல் பத்தொன்பது மாநிலங்களுக்கு மட்டும், அதுவும் குளிர்காலத்தில் மட்டும் கதவு திறந்தது. 2005-ல் பெரும்பாலான மாநிலங்களுக்கு, 2007-ல் மொத்த அமெரிக்காவுக்கும். 2022 வரை அங்கே பழம் அனுப்ப அனுமதி பெற்றிருந்த ஒரே மெக்சிகோ மாநிலம் மிச்சோவாகான். இப்போது வருடத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் எல்லை தாண்டுகிறது.

பொருளாதாரம் படித்தவர்களுக்கு மீதிக் கதையை ஊகிப்பது கஷ்டமில்லை. வெளியே டாலர் கொடுத்து வாங்க ஆள் இருக்கும்போது உள்ளூர்ச் சந்தையில் விலை எதைப் பார்த்து நிற்கும்? டாலரைப் பார்த்துத்தான். பைன் மரக் காடுகள் அனுமதியில்லாமல் வெட்டப்பட்டுத் தோப்புகளாயின. பணம் வந்த இடத்துக்குக் கடத்தல் கும்பல்களும் வந்து தோட்டக்காரர்களிடம் மாமூல் வசூலித்தன. 2022 பிப்ரவரியில் அமெரிக்க ஆய்வாளர் ஒருவருக்கு மிரட்டல் வந்ததால் ஏற்றுமதி சுமார் ஒரு வாரம் நின்றது. 2024 ஜூனில் ஆய்வாளர்கள் தாக்கப்பட்டு மறுபடி வேலை நின்றது. ‘பச்சைத் தங்கம்’ என்று அங்கே சொல்வார்கள். தங்கம் இருக்கும் இடத்தில் நடப்பதெல்லாம் நடக்கிறது.

இதில் டாக்கோ கடைக்காரர் என்ன செய்தார் என்பதுதான் சுவாரசியம்.

2019-ல் அவகாடோ விலை எகிறியபோது மெக்சிகோவில் ஒரு ‘போலி குவாகமோலே’ பற்றிய செய்திகள் வந்தன. கலபசீத்தா என்ற சின்னப் பச்சைப் பூசணிக்காயை வேகவைத்து, டொமாட்டியோ, மிளகாய், கொத்தமல்லி, எண்ணெய் சேர்த்து மிக்ஸியில் நன்றாக அடித்தால் அதே நிறம், அதே வழவழப்பு. அவகாடோ துளிகூட இல்லை. சாப்பிட்டவர்களில் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. பாடப் புத்தகத்தில் வரும் மாற்றுப் பொருளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இதை மோசடி என்று சிலர் கொதித்தார்கள். பாதி நியாயம்தான். அவகாடோ சால்சா என்று பெயர் சொல்லி, அந்த விலை வாங்கி, பூசணிக்காய் ஊற்றினால் அது மோசடியே. சந்தேகமில்லை. டாக்கோவோடு இலவசமாக வைக்கிற பச்சை சால்சாவில் பூசணிக்காய் இருந்தால்? கேட்டவருக்கு உள்ளதைச் சொன்னால் போதும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு அம்மா அப்படிச் செய்தால் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே சொல்ல வேண்டும்.

இதை இன்னொரு சம்பவத்தோடு வைத்துப் பார்க்கலாம். 2015 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ், குவாகமோலேவில் பச்சைப் பட்டாணி சேர்க்கச் சொல்லி ஒரு குறிப்பை ட்விட்டரில் போட்டது. பெரிய ரகளை. அப்போது ஜனாதிபதியாக இருந்த ஒபாமாவே, பட்டாணியெல்லாம் வேண்டாம் என்று பதில் போட்டார். உலகமே சிரித்தது. நாலு வருடம் கழித்து மெக்சிகோவில் அவகாடோவுக்குப் பதில் பூசணிக்காய் வந்தபோது அந்த அளவு ரகளை இல்லை. பட்டாணி சேர்த்தது ஒரு ஆசை. பூசணிக்காய் சேர்த்தது கட்டுப்படியாகாத கணக்கு. கிண்டல் செய்ய முதலாவதுதான் வசதி. யோசிக்க வேண்டியது இரண்டாவதைப் பற்றி. தன் மண்ணில் விளைகிற பழத்தைத் தன் சால்சாவில் போட முடியாத நிலைமை ஒரு சமையல்காரருக்கு வந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பூசணிக்காய் சால்சா இன்னொன்றையும் நிரூபித்தது. அவகாடோவை எடுத்துவிட்டாலும் சால்சா சால்சாவாகவே இருந்தது. மிளகாயையும் டொமாட்டியோவையும் எடுத்துவிட்டால்? மிஞ்சுவது பச்சை நிறத்தில் ஒரு பூசணிக்காய்க் கூழ். யார் கதாநாயகன் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சரி, அவகாடோவே சாப்பிடக் கூடாது என்று சொல்ல வருவதா? இல்லை. ஏற்றுமதியால் மிச்சோவாகானில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. தோப்பில் பறிப்பவர், பெட்டியில் அடுக்குபவர், லாரி ஓட்டுபவர் எல்லாருக்கும் அதுதான் சோறு. எல்லாரும் வாங்குவதை நிறுத்தினால் முதலில் அடிபடுவது அவர்கள்தான், கும்பல்காரர்கள் இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பழம் மிச்சம் பிடித்தால் காடு பிழைத்துவிடும் என்பதும் வெறும் ஆறுதல் பேச்சு. காட்டைக் காப்பாற்றும் வேலை மெக்சிகோ அரசாங்கத்துடையது, வாங்குகிற பெரிய கம்பெனிகளுடையது. எந்தத் தோப்பு காட்டை வெட்டிப் போட்டது என்று பார்த்து வாங்குவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

வீட்டுச் சமையலறையின் கையில் இருப்பது அளவு மட்டும். நாலு பேருக்கு ஒரு பழம் என்ற அளவை யாரும் சிக்கனத்துக்காகக் கண்டுபிடிக்கவில்லை. காரமும் புளிப்பும் தெரிய வேண்டுமானால் அதற்கு மேல் போடக் கூடாது, அவ்வளவுதான். அந்த அளவில் பழம் வாங்கினால், விலை ஏறினாலும் ஒரு சாதாரண குடும்பத்துக்குத் தாங்கும். கிண்ணம் நிறைய அவகாடோ என்ற கணக்கில் எல்லா நாட்டிலும் வாங்க ஆரம்பித்த பிறகுதான் அது விளைகிற ஊரிலேயே எட்டாமல் போக ஆரம்பித்தது.

டொமாட்டியோ கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் புளிப்பான காய்த்தக்காளியைச் சுட்டு, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து செய்து பார்க்கலாம். அச்சு அசலாக வராது, பக்கத்தில் வரும். பெரிய, பச்சைத் தோல் அவகாடோ ரகங்களில் நீர் கொஞ்சம் அதிகம், கொழுப்பு குறைவு. அதனால் தண்ணீர் சேர்க்காமல் அரைக்க வேண்டும். மிளகாயில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

பழம் ஒன்று, மிளகாய் மூன்று. கணக்கை மாற்றாமல் ஒரு தடவை செய்து பார்த்தால், கிண்ணம் நிறைய அவகாடோ கேட்கும் ஆசை தானாகவே அடங்கிவிடும்.