எந்த நீருக்கு எந்தப் பலகை?



நீர்மேல் நின்றபடியே நீண்ட துடுப்பால் உகைத்துச் செல்லும் பலகையைக் கடற்கரையிலோ காணொளியிலோ நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் 'ஸ்டாண்ட்-அப் பேடில்போர்டு' என வழங்கும் அதனை இப்பாடத்தில் 'துடுப்புப் பலகை' என்று அழைப்போம். ஹவாய்த் தீவுகளின் வைக்கீகி கடற்கரையில் அலைச்சறுக்குக் கற்பித்தவர்கள், பலகைமேல் துடுப்புடன் நின்று மாணவர்களைக் கவனித்தும் படமெடுத்தும் வந்த வழக்கத்திலிருந்து இவ்விளையாட்டு வளர்ந்தது. இன்று கோவா, கோகர்ணம், முல்கி, சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளம் முதலிய இடங்களில் இதனைக் கற்பிக்கின்றனர். கோடை விடுமுறையில் நீங்களும் ஒருநாள் அப்பலகைமேல் ஏறக்கூடும். சிலர் வீட்டில் சொந்தமாக ஒன்றை வாங்கும் பேச்சும் எழக்கூடும்.

அப்போது பெரும்பாலோர் கேட்கும் முதல் வினா, "எது சிறந்த பலகை?" என்பதாகும். அவ்வினாவுக்கு விடை கிடையாது என்பது என் கருத்து. "எந்த நீரில் செல்லப் போகிறோம்? ஏறப்போகிறவர் யார்? எதற்காகச் செல்கிறோம்?" என்னும் மூன்று வினாக்களையும் கேட்ட பின்னரே பலகையைப் பற்றிப் பேச வேண்டும்.

இவ்வறிவு நமக்குப் புதிதன்று. ஒகேனக்கல்லில் காவிரியின் பாறைகளுக்கிடையே வட்டமான பரிசல் செல்கிறது. அதன் அடிப்பகுதி தட்டையானது. ஆதலால் ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கிறது. சோழமண்டலக் கடற்கரையில் அலைகளைக் கடக்கக் கட்டுமரம் பயன்பட்டது. அலை மேலேறினாலும், கயிற்றால் பிணைத்த கட்டைகளின் இடைவெளி வழியே நீர் வடிந்துவிடும். பரிசலைக் கடலில் விடுவாரும் இல்லை. கட்டுமரத்தைப் பாறை ஆற்றில் விடுவாரும் இல்லை. 'கட்டுமரம்' என்ற நம் சொல்லே 'கேட்டமரான்' என ஆங்கிலத்தில் நுழைந்து, இன்று இரட்டை உடல் கொண்ட படகுகளைக் குறிக்கிறது. நீரைப் பார்த்துக் கலத்தைத் தேர்ந்த அம்மக்களின் வழியையே துடுப்புப் பலகைக்கும் நாம் பின்பற்ற வேண்டும்.

துடுப்புப் பலகைகளைப் பொதுவாக நான்கு வகைப்படுத்தலாம். முதலாவது பொதுப்பயன் பலகை. ஏறத்தாழ 10 முதல் 11 அடி நீளமும் 30 முதல் 34 அங்குல அகலமும் உடையது, முனை உருண்டிருக்கும். ஏரி, உப்பங்கழி, அமைதியான கடல் ஆகியவற்றுக்கு ஏற்றது. இரண்டாவது பயணப் பலகை. இது 11 அடிக்கு மேல் நீண்டு, கூரிய முனையால் நீரைக் கிழித்து நேராகச் செல்லும். நெடுந்தொலைவு செல்வோர்க்கு உரியது. மூன்றாவது பந்தயப் பலகை. பெரும்பாலும் 12½ அல்லது 14 அடி நீளம் இருக்கும். அகலமோ மிகவும் குறைவு. விரைந்து செல்லும், பழகாதவரை விரைந்து கவிழ்க்கவும் செய்யும். நான்காவது அலைப் பலகை. நீளம் குறைந்தது, அலைமேல் எளிதில் திரும்பும். ஆயினும் தேங்கிய நீரில் நேராகச் செல்லாமல் இருபுறமும் அலைபாயும்.

முதன்முதலில் கற்போர் அனைவரும் பொதுப்பயன் பலகையையே, அதிலும் அகலமானதையே, தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உறுதியாகக் கூறுவேன். நீளம் வேகத்தைத் தருகிறது. அகலம் நிலைப்பைத் தருகிறது. கற்பவனுக்கு முதலில் தேவை நிலைப்பே. பத்து நிமிடத்தில் பத்து முறை விழுந்த குழந்தை மீண்டும் நீருக்குள் இறங்க அஞ்சும். பத்து நிமிடம் நின்று பார்த்த குழந்தையோ மறுநாளும் வருவேன் என்று தானே கேட்கும்.

"அகலமான பலகை மெதுவாகச் செல்லும்; ஓராண்டில் சலித்துவிடும். வளரும் பிள்ளைக்கு இப்போதே பந்தயப் பலகை வாங்கிவிட்டால் இரட்டைச் செலவு மிச்சம்" என்று சிலர் வாதிடுவர். பள்ளிச் சீருடையைச் சற்றுப் பெரிதாகத் தைக்கும் சிக்கனம் நம் வீடுகளில் உண்டு. அது நல்ல சிக்கனமே. பெரிய சட்டையை மடித்து அணியலாம். குறுகிய பலகையை அகலமாக்க வழி இல்லை. பயன்படுத்த அஞ்சி மூலையில் சாத்திய பலகையே மிகுந்த செலவு. திறமை வளர்ந்தபின் அகலம் குறைந்த பலகைக்கு மாறலாம்; அதுவரை வாடகைப் பலகைகளில் பழகிக்கொள்ளலாம்.

அடுத்துக் காண வேண்டியது எடை. பலகையின் கொள்ளளவு லிட்டரில் குறிக்கப்படும். நன்னீரில் ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையைத் தாங்கும்; ஆர்க்கிமிடீசின் தத்துவத்தை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் பலகை மிதந்தால் மட்டும் போதாது; நீர்மட்டத்திற்கு மேல் நன்கு உயர்ந்து நிற்க வேண்டும். ஆகவே ஏறுபவர் எடையைப்போல் இருமடங்குக்குக் குறையாத கொள்ளளவு கற்போர்க்கு நலம். தம்பியையோ தங்கையையோ முன்னே அமர்த்திச் செல்ல எண்ணினால் அவர்கள் எடையையும் சேர்த்துக் கணக்கிடுக. தயாரிப்பாளர் குறித்த எடை வரம்பை ஒருபோதும் மீறலாகாது.

இறுக்கமான பலகையா, காற்றடைக்கும் பலகையா என்பது மற்றொரு தேர்வு. அலையிலும் பந்தயத்திலும் இறுக்கமான பலகையே சிறக்கும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் நம் போன்ற குடும்பங்களுக்குக் காற்றடைக்கும் பலகையே பொருந்தும் என்பேன். அதனைச் சுருட்டிப் பையில் இட்டு இரயிலிலும் கொண்டு செல்லலாம். அதில் பொதுவாக 12 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்திற்குக் காற்று நிரப்புவர். கார்ச் சக்கரத்தின் அழுத்தத்தில் இது ஏறத்தாழ பாதி. காற்று குறைந்தால் பலகை நடுவில் தொய்யும். நிரப்பிய பலகையைச் சுடுவெயிலில் போட்டு வைத்தாலோ உள்ளிருக்கும் காற்று விரிந்து தையல் பிரியக்கூடும். பயன்படுத்திய பின் நிழலில் வைப்பதே முறை.

துடுப்பும் ஆளுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். உங்கள் உயரத்தைவிட ஏறத்தாழ ஒரு சாண் மிகுந்தது போதும். துடுப்பின் அலகு சற்றுச் சாய்ந்திருக்கும். அச்சாய்வு முன்னோக்கி இருக்குமாறு பிடிக்க வேண்டும்.

இறுதியாக ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். கையில் உள்ள பணத்தில் முதற்பங்கு உயிர்காப்பு உடைக்கே உரியது, எஞ்சியதில்தான் பலகை. பலகையோடு நம்மைப் பிணைக்கும் கயிறும் இன்றியமையாதது. தவறி விழுந்தாலும் பலகை விலகிப் போகாமல் அக்கயிறு காக்கும். ஆனால் ஓடும் ஆற்றில் கணுக்காலில் கட்டிய கயிறு கிளையிலோ பாறையிலோ சிக்கினால் உயிருக்கே தீங்கு. அங்கு உடனே கழற்றக்கூடிய இடுப்புவார்க் கயிறே வேண்டும். நிலத்திலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும்போது இறங்கவே கூடாது. பலகைமேல் நிற்கும் மனிதனே ஒரு பாய்மரம் ஆகிவிடுவான். கரைக்குத் திரும்புவது அரிது. வாடகைக்குத் தருபவர் உயிர்காப்பு உடையும் கயிறும் தரவில்லை எனில், எத்துணை அழகிய பலகையாயினும் அதனை மறுத்துவிடுங்கள்.

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் பழமொழி. நீரின் ஆழத்தோடு காற்றின் திசையையும் உடலின் எடையையும் கையின் திறமையையும் அறிந்து காலை வைப்பவர்க்குப் பலகை துணை நிற்கும். விலை மிகுந்ததைக் கேட்கும் முன் "எனக்குப் பொருந்துவது எது?" என்று கேட்கும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. அகலமான பலகையே கற்போர்க்கு ஏற்றது என்பதற்கு ஆசிரியர் கூறும் காரணங்கள் யாவை?

2. ஓடும் ஆற்றில் கணுக்கால் கயிறு ஏன் கூடாது?

3. நீங்கள் வாழும் ஊருக்கு அருகில் உள்ள நீர்நிலை எது? அதற்கு ஏற்ற பலகை எது எனக் காரணத்துடன் விளக்குக. இக்கட்டுரையின் கருத்தோடு நீங்கள் மாறுபட்டால் அதனையும் எழுதுக.